502, 503, 504: வெப் சர்வருக்கும் டாம்கேட்டுக்கும் நடுவே எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இரவு பதினொன்றரை மணிக்குப் போன் அடித்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: “அண்ணா, சைட் டவுன். 503 வருது. டாம்கேட்டை மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், அப்பவும் வரல.” குரல்தான் மாறும், வாக்கியம் மாறாது. மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்ததே சைட் வராமல் போனதற்குக் காரணமாக இருக்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அப்படிப் போன் செய்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்னால் ஒரு மெஷினில் அப்பாச்சி வெப் சர்வர் அல்லது என்ஜின்எக்ஸ். பின்னால் வேறொரு மெஷினில் டாம்கேட், அதாவது ஜாவா அப்ளிகேஷனை ஓட்டும் சர்வர். முன்னால் இருப்பது வெளியுலகக் கோரிக்கைகளை வாங்கி, பின்னால் இருப்பதற்குக் கைமாற்றிவிடுகிறது. இந்த இரண்டும் பேசிக்கொள்ளாமல் போனால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதுதான் விஷயம். டாம்கேட்டுக்குப் பதில் வெப்லாஜிக், வைல்ட்ஃப்ளை வைத்திருப்பவர்களும் படிக்கலாம். போர்ட் எண்ணும் லாக் கோப்பின் பெயரும் மாறும், தேடும் வழி மாறாது. கட்டளைகளைப் போனில் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துதான்.

முதலில் ஒரு படம் போடுங்கள்

கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுங்கள். பிரவுசர், வெப் சர்வர், ஃபயர்வால், டாம்கேட், டேட்டாபேஸ் என்று வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் ஐபி முகவரியையும் போர்ட்டையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்காக வெப் சர்வர் 10.0.1.5, போர்ட் 443; டாம்கேட் 10.0.2.7, போர்ட் 8080 என்று வைத்துக்கொள்வோம்.

படத்தில் கவனிக்க வேண்டியது, இங்கே இருப்பது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. பிரவுசருக்கும் வெப் சர்வருக்கும் ஒன்று. வெப் சர்வருக்கும் டாம்கேட்டுக்கும் தனியாக இன்னொன்று. ஹோட்டலில் நம் மேஜைக்கு வருபவர் சப்ளையர். தோசை ஊற்றுகிற மாஸ்டர் உள்ளே இருக்கிறார். “தோசை இல்லை சார்” என்று சப்ளையர் வந்து சொல்லிவிட்டால், நமக்கும் சப்ளையருக்கும் நடுவே எந்தத் தகராறும் இல்லை என்பது உறுதி. மாவு தீர்ந்ததா, மாஸ்டர் வரவில்லையா, சமையல்கட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்பதுதான் பாக்கிக் கேள்வி.

ஆகவே எரர் பக்கம் யாருடையது என்று முதலில் பாருங்கள். என்ஜின்எக்ஸின் 502 பக்கத்தில் வழக்கமாக அடியில் அதன் பெயர் இருக்கும். டாம்கேட்டின் 404, 500 பக்கங்களில், யாரும் மாற்றி வைக்காத வரை, அப்பாச்சி டாம்கேட் என்று பதிப்பு எண்ணோடு போட்டிருக்கும். டாம்கேட்டின் பக்கம் வந்துவிட்டதா? அப்படியென்றால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நெட்வொர்க் டீமை எழுப்ப வேண்டாம், டெவலப்பரை எழுப்புங்கள்.

எண்ணைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்

502 என்றால் பின்னால் இருப்பது தவறான பதில் தந்தது, 503 என்றால் சேவை கிடைக்கவில்லை, 504 என்றால் பதில் வரத் தாமதம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நடைமுறையில் அது அவ்வளவு சுத்தமாக இருக்காது. டாம்கேட் ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நிலைமைக்கு என்ஜின்எக்ஸ் 502 என்று சொல்லும், அப்பாச்சி 503 என்று சொல்லும். பதில் வராமல் நேரம் கடந்துவிட்டால் என்ஜின்எக்ஸ் 504 தரும். அப்பாச்சியில் பதிப்பைப் பொறுத்து 502 ஆகவும் வரும், 504 ஆகவும் வரும்.

உண்மை எரர் லாகில் இருக்கிறது. உபுண்டு, டெபியனில் அப்பாச்சியின் லாக் வார், லாக், அப்பாச்சி2 ஃபோல்டருக்குள் இருக்கும். ரெட்ஹேட் வகைகளில் ஃபோல்டரின் பெயர் ஹெச்டிடிபிடி. என்ஜின்எக்ஸுக்கு அதன் பெயரிலேயே ஃபோல்டர். டெயில் கட்டளையால் கடைசி ஐம்பது வரிகளை எடுங்கள். டாம்கேட்டைத் தொட முயன்று தோற்ற வரியில் ஓர் எண் இருக்கும். அது லினக்ஸ் கெர்னல் தரும் எண். அப்பாச்சியானாலும் என்ஜின்எக்ஸானாலும் ஒரே அர்த்தம்தான்.

111 என்றால் கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு. அந்த மெஷின் வரை போய்ச் சேர்ந்தோம், ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை.

110 என்றால் டைம்அவுட். கதவைத் தட்டினோம், உள்ளிருந்து சத்தமே இல்லை. பெரும்பாலும் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அல்லது மெஷினே இறந்து கிடக்கிறது. என்ஜின்எக்ஸில் மட்டும் இந்த வரியை முழுதாகப் படியுங்கள். இணைக்கும்போது நேரம் கடந்ததா, பதிலின் ஹெடரைப் படிக்கும்போதா என்று வரியிலேயே எழுதியிருக்கும். முன்னது நெட்வொர்க் பக்கம், பின்னது டாம்கேட் மெதுவாக இருப்பது.

113 என்றால் நோ ரூட் டு ஹோஸ்ட். பெயரைப் பார்த்து எல்லோரும் ரூட்டிங் டேபிளைத் தோண்டப் போய்விடுவார்கள். ரெட்ஹேட் வகை மெஷின்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டாம்கேட் மெஷினிலேயே ஓடும் ஃபயர்வால் புரோகிராமான ஃபயர்வால்டியை. அது மறுக்கும்போது அனுப்பும் ஐசிஎம்பி செய்தி, இந்தப் பக்கம் 113 ஆகத்தான் தெரியும்.

104 என்றால் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் போனை வைத்துவிட்டது. 13 என்றால் பர்மிஷன் டினைடு. இது நெட்வொர்க் சிக்கலே அல்ல, சற்றுப் பொறுங்கள்.

வெப் சர்வர் மெஷினில் போய் நின்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். “என் லேப்டாப்பிலிருந்து 8080 ஓப்பன் ஆகுதே” என்பதற்கு மதிப்பே இல்லை. உங்கள் லேப்டாப் போகும் பாதை வேறு, ஃபயர்வால் அதற்குக் கொடுத்திருக்கும் அனுமதி வேறு. பேச முடியாமல் தவிப்பது வெப் சர்வர், ஆகவே 10.0.1.5-இல் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, அங்கிருந்து கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் கர்ல் போதும்; ஒரு முகவரியைக் கேட்டு, வந்த பதிலைக் காட்டும் கட்டளை அது. கர்ல், ஒரு இடைவெளி, ஹைஃபன் வி, பிறகு ஹெச்டிடிபி முகவரியாக 10.0.2.7, கோலன், 8080, ஒரு ஸ்லாஷ். எண்டர் தட்டிவிட்டுக் கடிகாரத்தையும் பாருங்கள். பதில் என்ன என்பதைவிட எவ்வளவு நேரத்தில் வந்தது என்பது சில சமயம் அதிகம் சொல்லும். கண்ணிமைப்பதற்குள் மறுப்பு வந்தால் எதிரே மெஷின் உயிரோடு இருக்கிறது, போர்ட்டில்தான் ஆள் இல்லை. கர்சர் அப்படியே துடித்துக்கொண்டு நின்றால் பாக்கெட் வழியில் எங்கோ காணாமல் போகிறது.

கர்லும் தோற்கும்போது ஒரு எண் தரும். 6 என்றால் பெயரை ஐபியாக மாற்ற முடியவில்லை, டிஎன்எஸ் பக்கம் போங்கள். 7 இணைக்கவே முடியவில்லை. 28 நேரம் கடந்தது. 52 என்றால் இணைப்பு கிடைத்தது, ஆனால் ஒரு எழுத்துகூடப் பதில் வரவில்லை. தவறான போர்ட்டிலோ தவறான புரோட்டோகாலிலோ பேசினால் இது அடிக்கடி வரும். 60 என்றால் சான்றிதழை நம்ப மறுக்கிறது.

இங்கே நான்கு வகை விடைகள் கிடைக்கலாம். ரெஃப்யூஸ்டு வந்தால் டாம்கேட் மெஷினுக்குப் போங்கள். டைம்அவுட் வந்தால் ஃபயர்வால். இணைப்பு கிடைத்துப் பதில் மட்டும் வரவில்லை என்றால் டாம்கேட்டின் உள்ளே. நான்காவதுதான் ஆளைக் குழப்பும்: கர்லுக்கு அழகாகப் பதில் வருகிறது, ஆனால் வெப் சர்வர் மட்டும் முடியாது என்கிறது.

கர்ல் பேசுகிறது, அப்பாச்சி பேசவில்லை

லாகில் 13 என்று பார்த்தோமே, அது இந்த இடம்தான். ரெட்ஹேட், ராக்கி, அல்மா போன்ற லினக்ஸ்களில் எஸ்இலினக்ஸ் என்று ஒரு காவல்காரர் இருக்கிறார். நீங்கள் ரூட்டாக கர்ல் ஓட்டினால் தடுக்க மாட்டார். ஆனால் வெப் சர்வர் ஆகப்பட்டது பக்கங்களைப் பரிமாறத்தானே இருக்கிறது, அது ஏன் வெளியே போய் இன்னொரு மெஷினின் கதவைத் தட்டுகிறது என்று அதை மட்டும் நிறுத்தி வைப்பார்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு சனிக்கிழமை மதியம் முழுவதையும் பறிகொடுத்து. பழைய மெஷினிலிருந்து புதியதற்கு அப்பாச்சியை மாற்றியிருந்தோம். கான்ஃபிக் கோப்பு எழுத்துக்கு எழுத்து அதேதான். கர்லில் 200 வருகிறது, பிரவுசரில் 503. ஃபயர்வால் ஆளைக் கூப்பிட்டு அவரோடு இரண்டு மணி நேரம் வாக்குவாதம் வேறு. கடைசியில் பக்கத்து மேஜைக்காரர் லாகை எட்டிப் பார்த்துவிட்டு, “பதிமூணுன்னு போட்டிருக்கே, அதைப் படிச்சீங்களா?” என்று கேட்டார். படித்திருந்தேன்; வரியின் பின்பாதியை மட்டும்.

சரிபார்க்க கெட்என்ஃபோர்ஸ் என்று தட்டுங்கள். என்ஃபோர்சிங் என்று வந்தால் காவல்காரர் பணியில் இருக்கிறார். ஆடிட் லாகில் மறுப்பு பதிவாகியிருக்கும். திறக்க வேண்டிய பூட்டின் பெயர் ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு. செட்செபூல் கட்டளையில் பெரிய பி சேர்த்து இதை 1 ஆக்குங்கள். பெரிய பி-யை விட்டுவிட்டால் இப்போதைக்கு வேலை செய்யும், அடுத்த ரீபூட்டில் மறுபடி பூட்டிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அது நடக்கும்போது ஏன் இந்தக் கதி என்று யாருக்கும் நினைவிருக்காது. எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு கதவைத் திறக்கச் சுவரையே இடிக்கிற வேலை அது.

எஸ்இலினக்ஸ் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் பெயர். வெப் சர்வர் டாம்கேட்டின் முகவரியைப் பழைய ஐபியாகவே பிடித்துவைத்திருக்கலாம். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் நேரடியாக எழுதிய பெயரை, வழக்கமான அமைப்பில், தொடங்கும்போது ஒருமுறைதான் ஐபியாக மாற்றும். அப்பாச்சியும் இணைப்புகளை மறுபயன் செய்யும்போது அப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. டாம்கேட் மெஷினின் ஐபி மாறியிருந்தால் கர்லுக்குப் புதிது தெரியும், வெப் சர்வருக்குத் தெரியாது. ஒரு ரீலோடு போதும்.

டாம்கேட் மெஷினில்

உள்ளே நுழைந்ததும் முதல் கட்டளை எஸ்எஸ், ஹைஃபன் எல்என்டிபி. எந்தப் போர்ட்டில் எந்தப் புரோகிராம் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் 8080 இல்லையென்றால் டாம்கேட் எழவில்லை, அதன் லாகான கேட்டலினா.அவுட் கோப்பைப் பாருங்கள். ஒழுங்காக எழுந்திருந்தால் சர்வர் ஸ்டார்ட்டப் இத்தனை மில்லிசெகண்ட் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி வராமல் டாம்கேட் தயாராகிவிட்டதாக நினைக்காதீர்கள். பிராசஸ் ஓடுவது வேறு, போர்ட்டைத் திறந்து உட்கார்வது வேறு.

8080 பட்டியலில் இருக்கிறதா? அதற்கு முன்னால் இருக்கும் முகவரியையும் படியுங்கள். நட்சத்திரக் குறியோ 0.0.0.0-வோ இருந்தால் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. 127.0.0.1 என்றிருந்தால் அந்த மெஷினுக்குள்ளிருந்து மட்டுமே பேசலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு ரெஃப்யூஸ்டு. உள்ளே கர்ல் வேலை செய்யும், வெளியே செய்யாது. டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில், போர்ட்டைத் திறக்கும் கனெக்டர் வரியில் அட்ரஸ் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதன் தம்பி ஒன்று உண்டு. வெப் சர்வரும் டாம்கேட்டும் ஒரே மெஷினில் இருக்கும்போது கான்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிடுவோம். அந்தப் பெயர் சில மெஷின்களில் முதலில் ஐபிவி6 முகவரியாக மாறும். டாம்கேட் ஐபிவி4-இல் மட்டும் உட்கார்ந்திருந்தால் பாதிக் கோரிக்கைகள் தடுமாறும், லாகில் விட்டுவிட்டு 111 வரும். 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிடுவது என் பழக்கம்.

டாக்கர் வந்த பிறகு இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. என்ஜின்எக்ஸ் ஒரு கன்டெய்னரில் ஓடினால் அதற்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னர் மட்டுமே. பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கும் டாம்கேட் அதற்கு வேறு வீடு. கம்போஸ் கோப்பில் கொடுத்த சர்வீஸ் பெயரைத்தான் எழுத வேண்டும்.

அந்த அறுபது நொடி

இப்போது மூன்று ரீஸ்டார்ட் கதைக்கு வருவோம். கோரிக்கைகளைக் கைமாற்றிவிடும் அப்பாச்சியின் புராக்ஸி மாட்யூலுக்கு ஒரு குணம் உண்டு. டாம்கேட்டுடன் இணைக்க முயன்று ஒருமுறை தோற்றால், அந்த டாம்கேட்டை எரர் நிலையில் வைத்துவிட்டு 60 நொடிக்கு அந்தப் பக்கமே போகாது. அந்த ஒரு நிமிடமும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் டாம்கேட்டைக் கேட்காமலேயே 503 கொடுத்துவிடும். லாகில் ஏஹெச்00959 என்ற குறியோடு 60 நொடிக்கு நிறுத்திவைக்கிறேன் என்று எழுதியும் வைக்கும்.

உங்கள் டாம்கேட் எழுந்து நிற்க 40 நொடி ஆகிறது என்று வைப்போம். ரீஸ்டார்ட் செய்தீர்கள். 10ஆவது நொடியில் யாரோ பக்கத்தைத் திறந்தார்கள், தோற்றது. 70ஆவது நொடி வரை கதவு மூடல். டாம்கேட் 40ஆவது நொடியில் எழுந்துவிட்டது, ஆனால் 50ஆவது நொடியில் நீங்கள் ரீஃப்ரெஷ் செய்தபோது 503. பதறிப்போய் மறுபடி ரீஸ்டார்ட். இப்போது 90ஆவது நொடியில்தான் எழும். 70ஆவது நொடியில் அப்பாச்சி ஒருமுறை எட்டிப் பார்த்தது, டாம்கேட் இல்லை, 130 வரை மூடல். 100ஆவது நொடியில் நீங்கள் பார்த்தீர்கள், 503. மூன்றாவது ரீஸ்டார்ட். இப்படியே விடிய விடிய ஓட்டலாம்.

ஆகவே ரீஸ்டார்ட் செய்துவிட்டு பிரவுசரைப் பார்க்காதீர்கள். வெப் சர்வர் மெஷினிலிருந்து கர்லால் நேரடியாக 8080-ஐக் கேளுங்கள். அங்கே பதில் வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உட்காருங்கள், தானாக வரும். பின்னால் ஒரே ஒரு டாம்கேட்தான் என்றால், அப்பாச்சி கான்ஃபிக்கில் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் புராக்ஸிபாஸ் வரியின் கடைசியில் ரீட்ரை=0 என்று சேர்த்துவிடலாம். மாற்று சர்வர் எதுவும் இல்லாதபோது ஒரே ஆளை ஒதுக்கி வைத்து என்ன பயன்?

என்ஜின்எக்ஸில் ஒரே பின்சர்வர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒருமுறை தோற்றதை 10 நொடி ஒதுக்கி வைக்கும். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ் என்று லாகில் வரும். அந்த வரி விளைவு மட்டுமே. காரணம் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும்.

ஃபயர்வாலா என்று எப்படி உறுதி செய்வது

போகிற வருகிற பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை இரண்டு மெஷினிலும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். 8080 போர்ட்டை மட்டும் வடிகட்டி, வெப் சர்வரிலிருந்து ஒரு கர்ல் விடுங்கள். வெப் சர்வர் பக்கம், இணைப்பைக் கேட்கும் முதல் பாக்கெட்டான சின் கிளம்புவது எஸ் என்று அடைப்புக்குறிக்குள் தெரியும். டாம்கேட் பக்கம் அது வந்து சேரவே இல்லையென்றால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். வந்து சேர்ந்தும் டாம்கேட் மெஷின் பதில் அனுப்பவில்லையென்றால் அந்த மெஷினின் சொந்த ஃபயர்வால்தான் முதல் சந்தேகம். பதில் கிளம்புகிறது, வெப் சர்வருக்கு வந்து சேரவில்லை என்றால் திரும்பும் பாதை தவறு. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள மெஷின்களில் இது நிறைய நடக்கும். ஆர் என்று வந்தால் எதிர்ப்பக்கம் முகத்துக்கு நேரே மறுக்கிறது.

நன்றாக ஓடுகிறது, ஆனால் நடுநடுவே அறுகிறது

மொத்தமாக விழுந்தால் கண்டுபிடிப்பது சுலபம். நூற்றில் ஒன்று தோற்பதுதான் ஆளைக் கொல்லும்.

ஓர் அலுவலகத்தில் தினமும் காலையில் முதலில் லாகின் செய்கிறவருக்கு மட்டும் பக்கம் தொங்கி நின்று, ஒரு நிமிடம் கழித்து எரர் வரும். ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். அவர் பெரும்பாலும் அக்கவுண்ட்ஸ் பிரிவு மேடம்தான், ஏனென்றால் எட்டரைக்கே வந்துவிடுவார். “அவங்க சிஸ்டம்ல ஏதோ கோளாறு” என்று கம்ப்யூட்டரைக்கூட மாற்றிக் கொடுத்தார்கள். நடந்தது இதுதான்: அங்கே அப்பாச்சியும் டாம்கேட்டும் ஹெச்டிடிபிக்குப் பதில் ஏஜேபி என்ற புரோட்டோகாலில் பேசின. ஏஜேபி இணைப்பை டாம்கேட் இயல்பாகத் தானே மூடாது, திறந்தபடியே வைத்திருக்கும். நடுவில் இருந்த ஃபயர்வாலோ ஒரு மணி நேரம் பேச்சில்லாத இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து அழித்துவிடும், இரண்டு பக்கத்துக்கும் சொல்லாமல். காலையில் முதல் கோரிக்கை அந்தச் செத்த இணைப்பில் போய் விழும். பதில் வராது. அப்பாச்சி 60 நொடி காத்திருந்து கைவிடும்.

இதற்கு மருந்து, இணைப்பு செத்துப்போவதற்கு முன்னால் நாமே மூடிவிடுவது. புராக்ஸிபாஸ் வரியில், சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று டிடிஎல்-இல் நொடிக் கணக்கில் கொடுக்கலாம். டாம்கேட் பக்கம் கீப்அலைவ்டைம்அவுட் வைக்கலாம். ஏஜேபி என்றால் பிங் என்ற அமைப்பும் உண்டு. கோரிக்கையை அனுப்பும் முன் எதிர்ப்பக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும். அப்பாச்சியில் கீப்அலைவ்=ஆன் வைத்தும் ஃபயர்வாலைச் சமாளிக்கலாம், ஆனால் லினக்ஸ் அந்த உயிர்ச்சோதனையை இயல்பாக 7200 நொடிக்கு ஒருமுறைதான் தொடங்கும். ஃபயர்வாலுக்குப் பொறுமை ஒரு மணி நேரம், லினக்ஸுக்கு இரண்டு மணி நேரம் என்றால் என்ன லாபம்? கெர்னல் அமைப்பையும் குறைக்க வேண்டும்.

சாதாரண ஹெச்டிடிபி கனெக்டரில் இதன் தலைகீழ் நடக்கும். டாம்கேட்டோடு வரும் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் கனெக்ஷன்டைம்அவுட் 20000 மில்லிசெகண்ட் என்றிருக்கும். கீப்அலைவுக்குத் தனியாகச் சொல்லாவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளும். 20 நொடி சும்மா இருந்த இணைப்பை டாம்கேட் மூடும் அதே கணத்தில் அப்பாச்சி அதில் புதுக் கோரிக்கையைத் தள்ளினால் 502. லாகில் ஸ்டேட்டஸ் வரியைப் படிக்க முடியவில்லை என்று ஏஹெச்01102 வரும். டிடிஎல்-ஐ 15 போல, டாம்கேட்டின் கணக்கைவிடக் குறைவாக வையுங்கள். எப்போதும் முன்னால் இருப்பது முதலில் மூட வேண்டும்.

இணைப்பு இருக்கிறது, மாஸ்டருக்குத்தான் நேரமில்லை

504 வந்தவுடன் எல்லோரும் செய்வது டைம்அவுட்டை 60 நொடியிலிருந்து 300 ஆக்குவது. சில சமயம் அது சரிதான். பெரிய ரிப்போர்ட் ஓடும் பக்கம் ஒன்றிருந்தால் அதற்கு மட்டும் கூட்டலாம். ஆனால் எல்லாப் பக்கமும் தொங்கினால், நேரத்தைக் கூட்டுவது வரிசையை நீளமாக்குவது மட்டுமே.

டாம்கேட்டில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் திரெட்டுகள், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள், இயல்பாக 200. அத்தனையும் மாட்டிக்கொண்டால் புதிதாக வருகிற இணைப்பு ஏற்கப்படும், ஆனால் கவனிக்க ஆளிருக்காது. ஜேஸ்டாக் கட்டளையால் பத்து நொடி இடைவெளியில் மூன்று திரெட் டம்ப் எடுங்கள்; ஒவ்வொரு திரெட்டும் அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல் அது. ஹெச்டிடிபி-என்ஐஓ-8080-எக்ஸெக் என்று தொடங்கும் திரெட்டுகள் மூன்றிலும் ஒரே வரியில் நிற்கின்றனவா? அந்த வரி பெரும்பாலும் டேட்டாபேஸ் இணைப்புக்காகக் காத்திருப்பதாகவே இருக்கும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இதை எடுங்கள். ரீஸ்டார்ட் ஆதாரத்தை அழித்துவிடும்.

ஒரு பொறி: கோரிக்கை டாம்கேட்டின் அக்சஸ் லாகில் இல்லை, ஆகவே அது டாம்கேட்டுக்கு வந்து சேரவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்சஸ் லாக் வேலை முடிந்த பிறகுதான் எழுதப்படும். உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும் கோரிக்கைக்கு அங்கே வரி இருக்காது. இரண்டு மெஷினின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிட வித்தியாசம் இருந்தால் லாகுகளை ஒப்பிடுவது வீண் வேலை.

ஏஜேபி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

டாம்கேட்டைப் புதுப்பித்த மறுநாள் ஏஜேபியின் 8009 போர்ட் செத்துவிட்டதா? 2020 பிப்ரவரியில் ஏஜேபியில் கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதன் பிறகு 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளிலிருந்து ஏஜேபி கனெக்டர் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் மூடியே வருகிறது. திறந்தாலும் உள்முகவரியில் மட்டும் கேட்கும், ரகசியச் சொல்லும் கட்டாயம். சொல் கொடுக்காவிட்டால் கனெக்டர் தொடங்கவே மறுக்கும். டாம்கேட்டில் கொடுத்துவிட்டு அப்பாச்சியில் கொடுக்க மறந்தால் 403. அப்பாச்சி 2.4.42-லிருந்துதான் அதன் ஏஜேபி மாட்யூல் இந்த ரகசியச் சொல்லை ஏற்கும். புதிதாக அமைக்கிறவர்கள் ஏஜேபியைத் தொடாமல் ஹெச்டிடிபியிலேயே போய்விடுங்கள் என்பேன்.

சில்லறைத் தொல்லைகள்

லாகில் நோ புரோட்டோகால் ஹேண்ட்லர் என்று ஏஹெச்01144 வந்தால் புராக்ஸி மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறது, அதன் துணையான புராக்ஸி ஹெச்டிடிபி மாட்யூல் ஏற்றப்படவில்லை. முகப்புப் பக்கம் வருகிறது, உள்பக்கங்கள் 404 என்றால் புராக்ஸிபாஸ் வரியின் இரு பக்கமும் கடைசி ஸ்லாஷ் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். லாகின் செய்ததும் பிரவுசரின் முகவரிப் பட்டையில் 10.0.2.7 எட்டிப் பார்த்தால் புராக்ஸிபாஸ்ரிவர்ஸ் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஹோஸ்ட் ஹெடர் கைமாறவில்லை. ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கும் ஹெச்டிடிபிக்கும் நடுவே பக்கம் ஊஞ்சலாடினால் எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ ஹெடரை அனுப்பி, டாம்கேட்டில் ரிமோட்ஐபி வால்வைச் சேருங்கள்.

நெட்வொர்க் டீமுக்கு எழுதும்போது

“சைட் வேலை செய்யவில்லை, ஃபயர்வாலைப் பார்க்கவும்” என்று டிக்கெட் போட்டால், “எங்கள் பக்கம் எல்லாம் சரி” என்று அரை மணியில் மூடிவிடுவார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, எதைத் தேடுவார்கள்? நான் எழுதுவது இப்படி இருக்கும்:

“10.0.1.5-இலிருந்து 10.0.2.7-இன் 8080 போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு கிடைக்கவில்லை. இன்று இரவு 11.42.10-க்கும் 11.42.40-க்கும் இடையே மூன்று முறை முயன்றோம். 10.0.1.5-இலிருந்து சின் வெளியேறுகிறது, 10.0.2.7-க்கு வந்து சேரவில்லை. இரு பக்கத்து டம்ப்பும் இணைத்திருக்கிறேன். 10.0.1.5-இலிருந்து 10.0.2.7-இன் 22 போர்ட்டுக்கு இணைப்பு கிடைக்கிறது.”

அந்தக் கடைசி வரி இருந்தால் ரூட்டிங் பக்கம் அலைய மாட்டார்கள். நேராக ரூல் பட்டியலைத் திறந்து 8080-ஐத் தேடுவார்கள்.